பார்க்காததையும் சொல்கிற அக்கா

எங்கள் தெருவில் அவருக்கு அணுகுண்டு அக்கா என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். பரப்பியது மட்டும்தான் நான். அக்காவின் காதுக்கு அது போனபோது அவர் கோபப்படவில்லை. “குண்டு இல்ல தம்பி, உலை. அதையும் நான் கட்டல. கட்டப்போறோம்னு வாரவங்ககிட்ட கேள்வி கேக்குறது என் வேலை” என்று திருத்தினார். திருத்தம் நீளமாக இருந்ததால் தெருவில் எடுபடவில்லை.

நான் சங்கரன்கோவிலில் வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கிற தொழில் செய்கிறேன். அக்காவை நான் அறிந்ததும் அந்த வழியில்தான். அணுமின் நிலையங்களின் பாதுகாப்பைச் சோதித்து உரிமம் கொடுக்கிற வேலையில் வடக்கே பல வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் ரயில்வேக்காரர். அவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அதன் பிறகு சொந்த ஊருக்குத்தான் போக வேண்டும் என்று அவர் அடம்பிடிக்க, இரண்டு பேருமாக இங்கே வந்து சேர்ந்தார்கள். அவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். பேச்சுக் குழறும். ஆனால் கேலி மட்டும் தெளிவாக வரும்.

இணைப்புக் கொடுத்து முடித்ததும் நாங்கள் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவோம். ‘இணைப்பு வீடு முழுவதும் நன்றாக வேலை செய்கிறது’ என்று அதில் அச்சடித்திருக்கும். அதை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. அக்கா படித்தார். பிறகு பேனாவை எடுத்து, ‘கூடத்தில் வேலை செய்கிறது. மாடி அறையில் நான் பார்க்கவில்லை’ என்று எழுதினார்.

“மாடியிலயும் எடுக்கும்க்கா.”

“எடுக்கும். நான் பாக்கல, அவ்வளவுதான்.”

“அதான் நான் சொல்லுதேன்லா?”

“நீங்க பாத்தியளா?”

நானும் பார்த்திருக்கவில்லை. எரிச்சலோடு மாடிக்குப் போனேன். அங்கே அருமையாக எடுத்தது. ஜெயித்த முகத்தோடு இறங்கி வந்து சொன்னேன். அக்கா சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு அதே வரிக்குப் பக்கத்தில், ‘மாடியில் தம்பி பார்த்தார், நன்றாக இருக்கிறதாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உள்ளே கட்டிலில் கிடந்த அண்ணாச்சி, “மாட்டிக்கிட்டியாவே” என்று சிரித்தார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குக் கடுப்பாக இருந்தது.

அக்காவிடம் எதைக் கேட்டாலும் பதில் இரண்டு பங்காகத்தான் வரும். தனக்குத் தெரிந்தது ஒரு பங்கு, தான் பார்க்காதது ஒரு பங்கு. பஸ் ஸ்டாண்ட் பக்கம் புதிதாகத் திறந்த பிரியாணிக் கடை எப்படி என்று கேட்டால், “எதிர்வீட்டுக்காரி நல்லாருக்குன்னா. அவ அங்க சாப்பிட்டாளா, இல்ல அவ வீட்டுக்காரர் சொன்னதைச் சொல்லுதாளான்னு நான் கேக்கல” என்பார். பசியோடு கேட்டவன் எரிச்சலோடு போவான். பொய் சொல்லாதவர்கள் ஊரில் எத்தனையோ பேர் உண்டு. அவர்களோடு பழகிவிடலாம். தனக்குத் தெரியாததைக் கேட்காமலே எடுத்துச் சொல்கிறவரோடு பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அந்தப் பொறுமை அக்காவின் பக்கத்துவீட்டு அம்மாவுக்கு இல்லை. அவர்களுடைய மகளைப் பெண் கேட்டுச் சிவகிரியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் என்றால் முதலில் அக்கம்பக்கம் விசாரிப்பார்கள். விசாரிக்க வருகிறவரிடம், “தங்கமான பிள்ளை, கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்” என்று எல்லோரும் சொல்வோம். பார்த்திருக்கிறோமா என்பதெல்லாம் அந்த நேரத்தில் யாரும் யோசிக்கிற விஷயமில்லை. நானும் அப்படித்தான் சொல்லி அனுப்பினேன். அவர்கள் அக்கா வீட்டுக்கும் போனார்கள்.

“நல்ல பிள்ளை. எங்க வீட்டுக்காரருக்கு மாத்திரை வாங்கியாந்து குடுத்திருக்கு. பெரியவங்ககிட்ட தன்மையாப் பேசும். கோவம் வந்தா எப்படின்னு நான் பாக்கல. அவங்க வீட்டு அடுப்படிக்குள்ள நான் போனதில்ல” என்று சொல்லியிருக்கிறார் அக்கா.

வந்தவர்கள் முகம் மாறிப் போனார்கள். பெண்ணைப் பெற்றவள் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்று பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். “எம்மகளுக்குக் கோவம் வருமுன்னு சொன்னியளாமே!”

“வருமுன்னு சொல்லலையே. பாக்கலன்னுதான சொன்னேன்.”

“அப்ப வாயை மூடிக்கிட்டு இருக்க வேண்டியதுதான?”

“அவங்க கேட்டாங்களே” என்றார் அக்கா. அவருக்கு உண்மையிலேயே என்ன தவறு என்று புரியவில்லை. அன்று அவருக்காகப் பரிந்து பேச எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குப் பிறகு நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. மாப்பிள்ளையின் அம்மா மறுபடியும் தனியாக வந்தார். பெண்வீட்டு அடுப்படியிலேயே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, பெண்ணோடு வெங்காயம் உரித்து, பேசி, சாப்பிட்டுவிட்டுப் போனார். மறுவாரமே சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் பெண்ணின் அம்மா அக்காவுக்குப் பத்திரிகையைக் கையில் கொடுக்காமல் ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போனாள். அக்கா கல்யாணத்துக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டு வந்தார்.

ஓய்வு பெற்ற பிறகும் அக்காவுக்கு ஒரு வேலை இருந்தது. பல நாட்டு அணுப்பாதுகாப்பு அதிகாரிகள் சேர்ந்த குழு ஒன்றில் அவர் உறுப்பினர். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். திரையில் வெள்ளை, கறுப்பு, மஞ்சள் என்று பல நிறத்தில் முகங்கள் தெரியும். என்னதான் பேசுகிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“இப்ப சின்னச் சின்ன உலையா வருது தம்பி. தொழிற்சாலையிலயே பகுதி பகுதியாச் செஞ்சு, ஏத்திக் கொண்டுபோய் இறக்கிப் பூட்டிரலாம். ஒரே மாதிரி உலையைப் பத்து நாடு வாங்கும். பத்து நாடும் முதல்லருந்து தனித்தனியாச் சோதிச்சா வருசம் ஓடிரும். அதனால ஒருத்தர் பாத்ததை இன்னொருத்தர் ஏத்துக்கிடலாமா, எதுவரைக்கும் ஏத்துக்கிடலாம்னு பொதுவா ஒரு ஆவணம் எழுதுதோம்.”

அண்ணாச்சி கட்டிலிலிருந்து சுருக்கிச் சொன்னார். “பொண்ணு ஒண்ணுவே. விசாரிக்க வாரது பத்து ஊரு. இவளைப் போயி அதுல சேத்திருக்கானுவ.”

நான் சிரித்துவிட்டேன். அக்காவும் சிரித்தார். பிறகு, “உரிமத்துல கையெழுத்து அந்தந்த நாட்டுக்காரங்கதான் போடணும். நாளைக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா, அடுத்த ஊர்க்காரன் நல்லதுன்னு சொன்னான்னு அங்க இருக்க சனங்ககிட்டச் சொல்ல முடியாதுல்லா” என்றார். அது என் மனதில் தைத்தது.

ஒருமுறை எலி கடித்த கேபிளை மாற்ற அவர் வீட்டுக் கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆங்கிலம் எனக்குப் பேச வராது, கேட்டால் விளங்கும். நிலநடுக்கம் பற்றிய ஒரு பின்னிணைப்பை எடுத்தார்கள். தலைவர் அதைச் சரிபார்த்த நாடுகளுக்கு நன்றி சொன்னார். அந்த நாட்டுக்காரர்கள் அடுத்தவருக்கு நன்றி சொன்னார்கள். அடுத்தவர் அக்காவுக்கு நன்றி சொன்னார். நம் கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டு சுற்றுகிற மாதிரி நன்றி சுற்றி வந்தது. அக்கா வாங்கிக்கொள்ளவில்லை. “மன்னிக்க வேண்டும், நான் அதைப் பார்க்கவில்லை” என்றார்.

பிறகு ஒரு பெண்மணி தயங்கித் தயங்கி, தானும் பார்க்கவில்லை, மற்றவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நினைத்ததாகச் சொன்னார். அடுத்து ஒருவர். அடுத்து ஒருவர். கடைசியில் தலைவரே பார்க்கவில்லை. எழுதினவரைத் தவிர அதை ஒருவரும் படித்திருக்கவில்லை. யாரோ சிரிக்கத் தொடங்க, எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்குத்தான் அவர்கள் எனக்கு மனிதர்களாகத் தெரிந்தார்கள். அந்த மத்தியானமே ஆளுக்கு ஒரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு படிக்க ஏற்பாடாயிற்று.

அதிலிருந்து பிறந்ததுதான் அக்காவின் வாக்கியம். ‘ஒரு நாடு இன்னொரு நாட்டின் ஆய்வை ஏற்று உரிமம் கொடுத்தால், தான் சொந்தமாக எதைப் பார்க்கவில்லை என்பதையும் உரிமத்தோடு சேர்த்து வெளியிட வேண்டும்.’ இந்த ஒரே வாக்கியத்தைப் பொது ஆவணத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அந்த ஆவணம் எழுதிய ஒன்றரை வருடத்தில் தனக்கென்று அவர் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்க்கவில்லை.

அதை எதிர்த்தவர் அவருக்கு மிகவும் பிடித்த மனிதர். ஏதோ ஒரு குளிர் நாட்டுக்காரர், நரைத்த தாடி, மடியில் எப்போதும் ஒரு பூனை. அண்ணாச்சி அவருக்குப் பூனைக்காரர் என்று பெயர் வைத்திருந்தார். பூனைக்காரரின் வாதத்திலும் நியாயம் இருந்தது. “நாம் பார்த்ததை ஆயிரம் பக்கம் எழுதினாலும், பார்க்காத ஒரு பக்கத்தைத்தான் செய்தித்தாளில் போடுவார்கள். மக்கள் பயந்துவிடுவார்கள். உங்கள் நேர்மை நம் எல்லோரின் வேலையையும் கெடுத்துவிடும்” என்றார். அன்று முழுவதும் அக்கா யோசனையாகவே இருந்தார். பிறகு என்னிடம், “அவர் சொல்லுதது நடக்கும் தம்பி. பயப்படத்தான் செய்வாங்க. ஆனா எங்கன பாக்கலன்னு எழுதி வச்சாத்தான அடுத்து வாரவன் அங்கன போய்ப் பாப்பான்?” என்றார். எனக்கு, அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்த சிவகிரிக்காரம்மா நினைவுக்கு வந்தார். நான் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்கா சந்தோஷப்பட்டிருப்பார்.

முடிவெடுக்கிற கூட்டத்தை ஒரு வெளிநாட்டு நகரத்தில் வைத்திருந்தார்கள். அதில் ஒரு நாடு மறுத்தாலும் எந்த வரியும் ஆவணத்தில் ஏறாது. மற்றவர்கள் எல்லோரும் நேரில் போனார்கள். அக்காவுக்கும் டிக்கெட் தருவதாகச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அண்ணாச்சிக்கு அப்போது கஞ்சி விழுங்குவதுகூடச் சிரமம். புரை ஏறினால் உடனே நிமிர்த்தி உட்கார வைத்து முதுகைத் தட்டவேண்டும். அவரை யாரிடமும் விட்டுப் போக அக்காவுக்கு மனம் வரவில்லை. வீட்டிலிருந்தே கலந்துகொள்கிறேன் என்று எழுதிவிட்டார். அவர்கள் அந்த மண்டபத்துச் சுவரில் ஒரு பெரிய திரை வைத்து, அதில் அக்கா தெரிகிற மாதிரி ஏற்பாடு செய்தார்கள்.

அன்றைக்குப் பார்த்து ஊரில் ஆடித்தபசுத் திருவிழா. வெளியூர்க் கூட்டம் தெருவை அடைத்துவிட்டது. ஒரு லாரி உரசினால் போதும், கேபிள் போய்விடும். “தம்பி, இன்னைக்கு மட்டும் கூடவே இரு” என்று அக்கா கேட்டார். அவர் என்னிடம் ஒருமையில் பேசியது அன்றுதான். தனியாக ஒரு சிம், ஒரு இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் கொண்டுபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். லைன் அறுந்தால் கண் இமைக்கிற நேரத்தில் மாற்றிவிட வேண்டும் என்று விரலை வைத்துக்கொண்டே இருந்தேன்.

லைன் அறுந்துபோகவில்லை. அக்காவின் வாக்கியம் விவாதத்துக்கு வந்தது. பூனை இல்லாமல் வந்திருந்த பூனைக்காரர் தன் மறுப்பை மரியாதையாகச் சொன்னார். அக்கா பேச வாய் திறந்தார். அந்த நேரம் உள்ளறையிலிருந்து இருமல். அதற்குப் பிறகு அடைத்த குரலில், “ஏட்டி...”

அக்கா “ஒரு நிமிடம்” என்றுகூடச் சொல்லவில்லை. எழுந்து ஓடிவிட்டார்.

திரையில் எல்லோரும் அக்காவின் காலி நாற்காலியைப் பார்த்தார்கள். பக்கத்தில் என் பாதி முகம் தெரிந்திருக்க வேண்டும், நான் நகர்ந்துகொண்டேன். உள்ளே முதுகில் தட்டுகிற சத்தம் அவர்களுக்கும் கேட்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பூனைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். தன் மறுப்பைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வேறு யாருக்கும் மறுப்பு உண்டா என்று தலைவர் கேட்டார். ஒருவரும் பேசவில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று தலைவர் அறிவித்தார்.

சேலையெல்லாம் கஞ்சியோடு அக்கா திரும்பி வந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அக்கா, பாஸ் ஆயிட்டு!” என்று கத்தினேன். தலைவரும் சிரித்துக்கொண்டே அதையே சொன்னார்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். “என்ன பேசினீர்கள்? நான் கேட்கவில்லையே” என்றார் அவர்களிடம்.

யாருக்கும் மறுப்பில்லை என்றார் தலைவர்.

“நான் இல்லாதபோது மறுப்பில்லையா? அல்லது நான் இல்லாததால் மறுப்பில்லையா?”

“அக்கா, ஜெயிச்சாச்சு. சும்மா இருங்களேன்” என்றேன். அவர் என் கையை மெல்ல அழுத்திவிட்டு, அந்த வாக்கியத்தைத் தயவுசெய்து இன்னொரு முறை எடுத்துக்கொள்ளும்படி கேட்டார்.

நிலநடுக்கப் பின்னிணைப்பைப் பார்க்கவில்லை என்று அக்காவுக்கு அடுத்து ஒத்துக்கொண்டாரே அந்தப் பெண்மணி, அவர்தான் எழுந்தார். “எங்கள் நாட்டால் இதை ஏற்க முடியாது. அப்போது காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு மறுப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். யாரும் மாறவில்லை. வாக்கியம் ஆவணத்திலிருந்து வெளியே போய்விட்டது. உண்மையைச் சொன்னதற்கு அந்தப் பெண்மணிக்கு அக்கா நன்றி சொன்னார். அந்த நன்றியில் பொய் ஒன்றும் இல்லை. அதைப் பார்த்து எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல மாதம் கழித்துப் பூனைக்காரரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. அவர்கள் நாட்டின் முதல் சிறிய உலைக்கான ஆய்வோடு, தாங்கள் சொந்தமாகப் பார்க்காதவை என்று ஒரு பக்கத்தைச் சேர்த்திருக்கிறார்களாம். அப்படி எழுதச் சொல்லி அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எழுந்து நின்று மறுத்த அந்தப் பெண்மணி அதைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, அதில் இரண்டைத் தன் ஆட்களை விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறாராம். அக்கா அதை அண்ணாச்சிக்கு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். செய்தித்தாள் என்ன எழுதிற்று என்று நான் கேட்டேன். “பூனைக்காரர் சொன்ன மாதிரியேதான் எழுதியிருக்கான்” என்று அக்கா ஒத்துக்கொண்டார். மறுவருடம் அண்ணாச்சி காலமானார். அக்கா மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டார். அந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

எனக்கு நினைவில் நிற்பது அந்த மெயில் இல்லை. கூட்டம் முடிந்த அந்தச் சாயங்காலம்தான். வெளியே மேளச் சத்தம். அக்கா கம்ப்யூட்டரை மூடிவிட்டு உள்ளறைக்குப் போனார். பேட்டரியைக் கழற்றிக்கொண்டு நானும் பின்னால் போனேன். அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறார். கண்ணோரம் தண்ணீர் வழிந்து தலையணை நனைந்திருந்தது.

“என்னாலதான் போச்சு” என்றார்.

“அப்படியெல்லாம் இல்ல அண்ணாச்சி, அவனுவ எப்பவுமே ஒத்துக்கிட மாட்டானுவ” என்று நான் அவசரமாகச் சொன்னேன். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய விழாத கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இருந்து பேசியிருந்தா ஜெயிச்சிருப்பேனான்னு எனக்குத் தெரியாது. ஆனா நடுவுல எந்திச்சு வந்தது உங்களாலதான்.”

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். இந்த மனுஷிக்கு இப்போதுகூட ஒரு பொய் சொல்ல வராதா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அடுத்த தடவை புரை ஏறினா எனக்கு மீட்டிங்குன்னு பாத்துக்கிட்டுக் கெடக்காதீங்க” என்றார் அக்கா. “இன்னைக்குக் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுங்க. எந்திச்சு வருவேன்.”